மூணு வாட் டைனமோவும் ஜாம் போத்தல் விளக்கும்

2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி மாவட்டத்துக்காரங்க யாருக்கும் இந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஒரு வருஷத்துக்கு மேல் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டியது, குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் 19ஆம் தேதி வரை அங்கேயே மாட்டிக்கொண்டார்கள்.

வெள்ளத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நான் இங்கே எடுத்துக்கொள்வது அதில் ஒரு சின்ன மூலையை மட்டும். கரண்ட் போச்சு. முதல் நாள் ராத்திரி இன்வெர்ட்டர் ஓடிற்று, அடுத்த நாள் அதுவும் கீச்சிட்டு அணைந்தது. செல்போன் டவர்களிலும் பேட்டரி தீர்ந்தது. டீசல் ஜெனரேட்டர் வைத்திருந்த டவருக்கு டீசல் கொண்டுபோக வழியில்லை. வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் அம்மா அப்பாவுக்குப் போன் போட்டால் "தொடர்பு எல்லைக்கு வெளியே". பல ஊர்களில் இப்படியே நாள் கணக்கில் போயிற்று. பசியை விட, "அவங்க இருக்காங்களா, இல்லையா" என்று தெரியாத தவிப்புதான் பெரிசு என்று அப்போது பலர் சொன்னார்கள்.

ஒரு ஊரில் கரண்ட் இல்லை, கையில் ஒரு பேட்டரி, கொஞ்சம் எரிபொருள், ஒரு சின்ன ஜெனரேட்டர் மட்டும் இருக்கிறது என்றால் எதை ஓட்டுவது, எவ்வளவு நேரம் ஓட்டுவது? நமக்கு இது நாலைந்து நாள் கேள்வி. கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்து மக்களுக்கு இது ஐந்து வருஷத்துக்கும் மேலான கேள்வியாக இருந்தது. அவர்கள் கண்டுபிடித்த விடையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால் பேட்டரிக் கணக்கு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

பேட்டரி அவசரப்படாது

ஈய-அமில பேட்டரியைக் கண்டுபிடித்தவர் பிரான்சைச் சேர்ந்த காஸ்டன் பிளாந்தே. வருஷம் 1859. 1881ல் கமில் ஃபோர் என்பவர் ஈயத் தகட்டில் ஈய ஆக்சைடைக் களிம்பு போலப் பூசி, அதைத் தொழிற்சாலையில் செய்யக்கூடிய பொருளாக்கினார். நம் வீட்டு இன்வெர்ட்டருக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பேட்டரி இன்றைக்கும் அந்த வம்சம்தான்.

இதில் இரண்டு சாதி உண்டு. கார், லாரியில் இருப்பது ஸ்டார்ட்டிங் பேட்டரி. இரண்டு மூன்று விநாடி பெரிய கரண்ட் கொடுக்கணும், அவ்வளவுதான் வேலை. அதனால் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். இன்வெர்ட்டர், சோலார், படகு, கூடாரம் இதுக்கெல்லாம் வேண்டியது டீப் சைக்கிள் பேட்டரி. கனத்த தகடு, அல்லது குழாய் வடிவத் தகடு. மெதுவாகக் கொடுக்கும், ஆழமாக இறங்கினாலும் தாங்கும். கார் பேட்டரியை அடிக்கடி அடிமட்டம் வரை இறக்கினால் சில மாதங்களிலேயே படுத்துவிடும்.

நம்ம ஊர் வீடுகளில் சாதாரணமாக இருக்கிற 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியை எடுத்துக்கொள்வோம். 12ஐயும் 150ஐயும் பெருக்கினால் 1,800 வாட்-மணி. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் இருந்தால்தான் ஆயுள். ஆக நம் கையில் இருப்பது 900. ஒரு யூனிட் கூட இல்லை.

இந்த 900ல் என்ன செய்யலாம்?

இரண்டு பழைய சீலிங் ஃபேன், நாலு எல்.ஈ.டி. பல்பு என்றால் இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து ஏறக்குறைய நாலு மணி நேரம்.

செல்போன் சார்ஜ் மட்டும் என்றால், நஷ்டமெல்லாம் போக முப்பத்தைந்து போன்.

ஐந்து வாட் பல்பு ஒன்றே ஒன்று, ராத்திரிக்கு ஆறு மணி நேரம் என்றால், இருபது ராத்திரி.

ஒரே பேட்டரிதான். ஒரு வீட்டுக்கு நாலு மணி நேரக் காற்று, ஒரு தெருவுக்கே ஒரு நாள் தொடர்பு, ஒரு குடும்பத்துக்கு மூன்று வார வெளிச்சம். எது வேணும் என்பதை நாம்தான் முடிவு செய்யணும்.

சரி, இறங்கின பேட்டரியை ஜெனரேட்டர் வைத்து ஏற்றலாமே? ஏற்றலாம். இங்கேதான் பலர் ஏமாறுவது. சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் "12 வோல்ட்" என்று போட்டு ஒரு சாக்கெட் இருக்கும். அதில் வருவது பெரும்பாலும் 8 ஆம்பியர்தான். நாம் எடுத்தது 75 ஆம்பியர்-மணி. அதைத் திருப்பிப் போட ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆயிரம் வாட் தரக்கூடிய எஞ்சினை நூறு வாட் வேலைக்கு நாள் முழுக்க ஓட்டுகிறோம். சுமை பத்தில் ஒன்றாகக் குறைந்தால் பெட்ரோல் செலவு பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடாது. எஞ்சின் தன்னைச் சுற்றிக்கொள்ளவே ஒரு பங்கைக் குடித்துவிடும்.

அந்த சாக்கெட்டை விட்டுவிட்டு, 230 வோல்ட் பக்கம் நல்ல சார்ஜர் ஒன்றை மாட்டினால் நிலைமை கொஞ்சம் தேவலை. பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை, அதாவது 15லிருந்து 30 ஆம்பியர் வரை, இந்த பேட்டரி தாங்கும். ஆனால் அதுவும் முக்கால் பங்கு, எண்பது சதவீதம் வரைக்கும்தான். அதற்கு மேல் வோல்டேஜ் 14.4 பக்கம் போனதும் பேட்டரி கரண்டை மெல்ல மெல்லக் குறைத்துக்கொள்ளும். கடைசி இருபது சதவீதத்துக்குச் சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும். எவ்வளவு பெரிய ஜெனரேட்டரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அந்தக் கடைசிப் பகுதியை அவசரப்படுத்த முடியாது. முழுசா ஏற்றாமல் தொடர்ந்து பாதியிலேயே விட்டாலும் தகட்டில் ஈய சல்பேட் இறுகி பேட்டரி கெடும்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் செய்வது இதுதான்: வேகமாக ஏறுகிற பகுதியை மட்டும் ஜெனரேட்டரில் ஏற்று, எஞ்சினை அணை. மெதுவாக ஏறுகிற பகுதியைச் சூரியனுக்கோ, திரும்பி வரும் கரண்டுக்கோ விட்டுவிடு. (ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைத்து ஓட்டக்கூடாது, அந்தப் புகையில் வாசனையே இல்லாத விஷவாயு உண்டு. பேட்டரி ஏறும்போது ஹைட்ரஜன் வரும், அந்த அறையில் நெருப்பு கூடாது. இரண்டும் உயிர் விஷயம்.)

சுருக்கமாகச் சொன்னால், எரிபொருள் ஒரு வேகத்தில் வேலை செய்கிறது, பேட்டரி இன்னொரு வேகத்தில் வேலை செய்கிறது. இரண்டையும் பொருத்தத் தெரியாவிட்டால் எரிபொருள் வீண்.

காற்றுக்கு ஏற்ற சலாபம்

பொருத்துவது என்ற விஷயம் இந்தக் கரைக்குப் புதிசு இல்லை. முத்துக்குளிப்பை இங்கே "சலாபம்" என்பார்கள். ஒரு சலாபம் என்றால் வெறும் மணலில் சில வாரங்களுக்கு ஒரு ஊரே முளைக்கும். கூடாரம், கடை, கச்சேரி, போலீஸ், ஆஸ்பத்திரி, சிப்பி எண்ணுகிற கொட்டில் எல்லாம் வரும். முடிந்ததும் சிப்பி ஓடும் நாற்றமும்தான் மிச்சம். தூத்துக்குடிப் பக்கம் ஒரு வருஷம் நடக்கும், எதிர்க்கரையில் மன்னாருக்குத் தெற்கே சிலாபத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டியில் ஒரு வருஷம் நடக்கும். ஆள் மட்டும் இங்கேயும் அங்கேயும் ஒன்றுதான். தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை ஆட்கள் இரண்டு கரைக்கும் போவார்கள். 1905ல் மரிச்சுக்கட்டியில் எடுத்த சிப்பி மட்டும் எட்டுக் கோடிக்கு மேல். அந்த ஆசையில் மறு வருஷமே லண்டன் கம்பெனி ஒன்று இருபது வருஷக் குத்தகைக்கு எடுத்து, சீக்கிரமே கையைச் சுட்டுக்கொண்டது. நம்ம கரையில் 1961க்குப் பிறகு பெரிய சலாபம் இல்லை.

இத்தனை ஆயிரம் பேரை, இத்தனை நூறு படகை, எந்த எரிபொருளில் ஓட்டினார்கள்? ராத்திரி கரையிலிருந்து கடல் பக்கம் காற்று வீசும். நடுச்சாமத்தில் பாய் விரித்தால் விடியும்போது பாரில் இருக்கலாம். மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பிக் கடலிலிருந்து கரைக்கு வீசும். அப்போது சிப்பி நிறைந்த படகைத் திருப்பினால் சாயங்காலம் வீடு. வேலை நேரத்தைக் காற்றுக்கு ஏற்ப வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இறங்குகிறவரும் அப்படித்தான்: ஒரு நிமிஷம், கொஞ்சம் கூட. அந்த மூச்சுக்குள் எத்தனை சிப்பி என்று அளந்தே இறங்குவார்.

இதே கடலைத் தாண்டி வடக்கே போனால் யாழ்ப்பாணம்.

1990 ஜூன்

1990 ஜூனில் இலங்கையில் மறுபடியும் போர் மூண்டது. யாழ்தேவி ரயில் நின்றது. யாழ்ப்பாணக் குடாநாடு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அரசு பொருளாதாரத் தடை போட்டது. தெற்கே லக்சபான நீர்மின் நிலையப் பக்கமிருந்து சுன்னாகம் வரை வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றுபோயிற்று.

தடைப் பட்டியலைப் பார்த்தால் சில விஷயம் உடனே புரியும், சில விஷயம் யோசித்தால்தான் புரியும். பெட்ரோல், டீசல், சிமெண்ட், இரும்பு, உரம். மண்ணெண்ணெய் கட்டுப்பாட்டில், கொஞ்சம் கொஞ்சமாக. அந்தப் பட்டியலில் டார்ச் லைட்டுக்குப் போடுகிற சின்ன பேட்டரியும் உண்டு. அங்கே "பற்றரி" என்பார்கள். கண்ணிவெடிக்கு உதவும் என்பது அரசின் வாதம். ஆனால் அதே பற்றரியில்தான் ஒரு குடும்பத்தின் ரேடியோவும் பாடுகிறது. வவுனியா பக்கம் தாண்டிக்குளம் சோதனைச் சாவடியில், ஊருக்குத் திரும்புகிறவர்களின் பையைக் கொட்டித் தேடியதில் பற்றரியும் ஒன்று. ஒன்றிரண்டை ஒளித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அதைத் தங்கம் கொண்டுபோனது போலச் சொல்வார்கள்.

தீர்ந்துபோன பற்றரியைத் தூக்கிப் போடுகிற பழக்கம் அங்கே ஒழிந்தது. வெயிலில் காயவைத்தார்கள். துளை போட்டு உப்புத் தண்ணீர் விட்டார்கள். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பழைய துத்தநாக பற்றரியின் உள்ளே இருக்கும் பசை காய்ந்துபோனால், துத்தநாகம் மீதி இருந்தும் கரண்ட் ஓடாது. ஈரமும் உப்பும் போனால் மீதி இருப்பதைக் கொஞ்சம் பிழியலாம். சில நாள் பாடும், பிறகு ஒழுகும்.

ராத்திரி ஒன்பதேகால்

பற்றரியே இல்லாதபோது? அங்கேதான் சைக்கிள் டைனமோ வருகிறது.

இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லணும்: அந்தக் காலத்து சைக்கிளில் டயரோடு உரசிக்கொண்டு ஒரு சின்னக் குப்பி இருக்கும். சக்கரம் சுற்றினால் அதுவும் சுற்றி முன் விளக்கை எரிக்கும். 6 வோல்ட், 3 வாட். யாழ்ப்பாணத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, அந்த 3 வாட்டில் ரேடியோவைப் பாடவைத்தார்கள். டைனமோவில் வருவது மாறுமின்னோட்டம். ரேடியோவுக்கு நேர்மின்னோட்டம் வேண்டும். இடையில் நாலு டையோடு, ஒரு கெப்பாசிட்டர். ஊர் ரேடியோ மெக்கானிக்குகளுக்கு அது கை வந்த வேலை. சுற்றுகிறவர் களைத்தால் குரல் கம்மும், வேகம் கூட்டினால் திரும்ப வரும்.

என்ன கேட்டார்கள்? ராத்திரி ஒன்பதேகாலுக்கு லண்டனிலிருந்து பிபிசி தமிழோசை, அரை மணி நேரம். மணிலாவிலிருந்து வெரித்தாஸ் தமிழ் ஒலிபரப்பு. எந்த ஊரில் குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கு, கொழும்பில் என்ன பேசுகிறார்கள் என்பதெல்லாம் அந்த அரை மணி நேரத்தில். கிளாலிக் கடல்நீரேரியில் ராத்திரி ராத்திரியாகப் படகில் கடந்து போன காலம் அது. அந்தப் பயணத்திலேயே பலர் செத்தார்கள். போனவர் போய்ச் சேர்ந்தாரா என்ற கேள்வியோடு ஒரு வீடு உட்கார்ந்திருக்கும்போது செய்தி என்பது பொழுதுபோக்கு இல்லை. (அந்தத் தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆம் தேதி கடைசியாக ஒலித்து நின்றது. அன்றைக்குப் பலர் எழுதிய நினைவுகளில் இந்த டைனமோ திரும்பத் திரும்ப வந்தது.)

இப்போது பேட்டரிக் கணக்கை இதில் போட்டுப் பாருங்கள். ரேடியோவுக்கு மிதமான சத்தத்தில் ஒரு வாட் போதும். அரை மணி நேரத்துக்கு அரை வாட்-மணி. அதையே ஜெனரேட்டர் வைத்துக் கேட்டால் அரை மணி நேரத்தில் கால் லிட்டர் எண்ணெய் போய்விடும். ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் ஏறக்குறைய பத்து யூனிட்டுக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. கால் லிட்டருக்கு இரண்டரை யூனிட். அதை எரித்து ஒரு யூனிட்டில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கை வாங்குவதா? ஒரு கையும் ஒரு சக்கரமும் அந்த வேலையைச் சுத்தமாக முடித்தன. தேவை மூன்று வாட்டுக்குள் இருந்தது, அதற்கான எஞ்சினும் மூன்று வாட்டாகவே இருந்தது. அதனால் சேமித்து வைக்கிற பேட்டரிகூட வேண்டியிருக்கவில்லை.

போத்தலுக்குள் வெளிச்சம்

வெளிச்சத்துக்கும் இதே தர்க்கம்தான். அரிக்கேன் லாம்பு அதிகம் குடிக்கும், பெட்ரோமாக்ஸ் பற்றிப் பேசவே வேண்டாம். வந்தது ஜாம் போத்தல் விளக்கு. வாய் அகன்ற ஒரு கண்ணாடிப் போத்தல். அடியில் பஞ்சு, அந்தப் பஞ்சு ஊறுகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். நடுவில் மெல்லிய ஒரு திரி. போத்தலே சிம்னி, காற்றுக்கு அணையாது. தட்டிவிட்டாலும் எண்ணெய் கொட்டித் தீப்பிடிக்காது, ஏனென்றால் கொட்டுவதற்கு எண்ணெய் இல்லை, பஞ்சில்தானே இருக்கிறது. அந்தச் சுடர் ஒரு புத்தகத்தின் ஒரு பக்கத்துக்குப் போதும். இரண்டாவது ஆள் அந்தப் பக்கம் உட்கார்ந்து படிக்கணும். அந்த வருஷங்களில் உயர்தரப் பரீட்சை எழுதி டாக்டர், இன்ஜினியர் ஆனவர்கள் இன்று உலகம் பூராவும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் படித்தது இந்த விளக்கில்.

தோட்டத்துக் கிணறுகளுக்கு வாட்டர் பம்ப் ஓட்ட எண்ணெய் இல்லாமல், மூலையில் கிடந்த துலா திரும்ப எழுந்தது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெட்ரோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் நேரடியாகக் கிளப்ப முடியாது, குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது. அதனால் குழந்தைக்குப் பால் கொடுக்கிற சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெட்ரோல் வைத்துக்கொண்டு, கார்பரேட்டரில் சில சொட்டு விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் எல்லாம் இப்படிப் புகை கக்கிக்கொண்டே ஓடின. அரிதான பெட்ரோல் எங்கே தவிர்க்கவே முடியாதோ அங்கே மட்டும், சொட்டுக் கணக்கில்.

அப்படியென்றால் ஜெனரேட்டரே ஓடவில்லையா? ஓடியது. ஆஸ்பத்திரியில் ஓடியது, அங்கே அதற்கு மாற்று இல்லை. இன்னொரு இடம் கேட்டால் சிரிப்பு வரும்: படம் பார்க்க. டிவி, டெக், ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, ஊரே காசு போட்டு, ஒரு முற்றத்தில் விடிய விடிய மூன்று நாலு படம். இதை ஊதாரித்தனம் என்று நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. எஞ்சினைக் கிளப்பினால் அதற்கு நிறைய வேலை கொடுக்கணும், நிறையப் பேருக்குப் பயன்படணும், பிறகு அணைக்கணும். ஒரு வீட்டுக்குத் தினமும் ஒரு மணி நேரம் ஓட்டுவதை விட, ஊருக்கே மாதத்தில் ஒரு ராத்திரி ஓட்டுவது நல்ல கணக்கு. முற்றத்தில் எழுபது பேர் உட்கார்ந்தால் ஒரு ஆளுக்கு விழும் எண்ணெய் சில ஸ்பூன்.

சைக்கிளில் போன கார் பேட்டரி

போர் இல்லாத தெற்கிலும் கரண்ட் எட்டாத கிராமங்கள் நிறைய இருந்தன. அங்கே 80களிலும் 90களிலும் லட்சக்கணக்கான வீடுகளில் ஒரு கார் பேட்டரி இருந்தது. கறுப்பு வெள்ளை டிவியும் ஒன்றிரண்டு விளக்கும் அதில் ஓடும். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதைச் சைக்கிளில் கட்டி, டவுனில் சார்ஜ் கடைக்குக் கொண்டுபோய், ஒரு நாள் விட்டுத் திரும்பத் தூக்கி வரணும். அமிலம் சிந்தும், சட்டை ஓட்டையாகும்.

இதில் முதலில் சொன்ன இரண்டு சாதி விஷயம் வேலை செய்தது. கடையில் மலிவாகக் கிடைத்தது கார் பேட்டரி. வேண்டியதோ டீப் சைக்கிள். கார் பேட்டரியைச் சாகும்வரை இறக்கி, பிறகு கடையில் அரைகுறையாக ஏற்றினால் அது சீக்கிரம் போகும். ஏழை வீடு திரும்பத் திரும்ப பேட்டரி வாங்கியது. கணக்குப் பார்த்தால், டவுன்காரர் ஒரு யூனிட்டுக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு கிராமத்துக்காரர் கொடுத்தார். 1997ல் உலக வங்கி உதவியோடு வீட்டுக்கு வீடு சோலார் தகடு கொடுக்கும் திட்டம் இலங்கையில் வந்தபோது, "இவ்வளவு செலவை ஏழைகள் தாங்குவார்களா" என்ற கேள்விக்குப் பதில் இந்தப் பேட்டரிச் செலவிலேயே இருந்தது. ஏற்கெனவே தாங்கிக்கொண்டுதானே இருந்தார்கள்!

இதைப் புகழ வேண்டாம்

இந்த மாதிரிக் கதைகளைச் சொல்லும்போது ஒரு ஆபத்து உண்டு. "ஆஹா, என்ன மூளை, என்ன சமாளிப்பு" என்று மெச்சிவிட்டு நகர்ந்துவிடுவோம். டைனமோவைச் சுற்றியவர் ஆசைப்பட்டுச் சுற்றவில்லை. அதே தடையில் மருந்து வராமல் செத்தவர்களுக்கு எந்த ஜாம் போத்தலும் உதவவில்லை. 1995 அக்டோபர் 30ஆம் தேதி ராத்திரி, யாழ்ப்பாணத்து மக்கள் லட்சக்கணக்கில் ஒரே பாதையில் ஊரைவிட்டு வெளியேறியபோது, மழையில் நடந்தவர்களின் சைக்கிள்களில் அந்த டைனமோக்களும் போயிருக்கும். 1996ல் திரும்பியவர்களுக்கு மெல்ல மெல்ல ஜெனரேட்டர் மின்சாரம்தான் வந்தது. தேசிய மின்கட்டமைப்போடு சுன்னாகம் திரும்ப இணைந்தது 2013ல். இருபத்து மூன்று வருஷம். 1990ல் பிறந்த பிள்ளைக்கு அதற்குள் கல்யாணமே ஆகியிருக்கலாம்.

இதே காலத்தில் நம்ம கரை எப்படி இருந்தது என்று வைத்துப் பாருங்கள். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் 1979ல் ஓடத் தொடங்கி, 90களின் தொடக்கத்தில் ஐந்து யூனிட்டாக, 1,050 மெகாவாட்டாக வளர்ந்திருந்தது. இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986ல் நம்ம முள்ளக்காட்டில் வந்தது. சலாபப் படகுகளைத் தள்ளிய அந்தக் காற்றேதான். கடலுக்கு இந்தப் பக்கம் 1,050 மெகாவாட், அந்தப் பக்கம் 3 வாட். அதிகம் இருந்த இடத்தில் நாம் அளக்கப் பழகவில்லை, தேவையும் இருக்கவில்லை. அதனால்தான் 2023 டிசம்பரில் முதல் ராத்திரியே நம் 900 வாட்-மணியை ஃபேனுக்குக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் செத்த போனோடு நின்றோம்.

நாம் யாழ்ப்பாணமாக வேண்டியதில்லை, யாரும் அப்படி ஆகவும் கூடாது. ஆனால் அவர்கள் அவ்வளவு விலை கொடுத்துப் படித்த பாடம் சும்மா கிடைக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். கரண்ட் போனதும் "இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும்" என்று கேட்கிறோம். அவர்கள் கேட்டது "எது இல்லாவிட்டால் முடியாது" என்று. முதலில் செய்தியும் தொடர்பும். அடுத்தது ஒரே ஒரு விளக்கு. ஜெனரேட்டர் வைத்திருப்பவர் அதை ஓட்டுகிற இரண்டு மூன்று மணி நேரத்தில் தன் பேட்டரியோடு தெருவின் போன்களையும் சேர்த்து மாட்டட்டும், எண்பது சதவீதம் ஏறியதும் அணைக்கட்டும். மீதி எண்ணெய் நாளைக்கு. புயல் எச்சரிக்கை வந்த அன்றே பேட்டரிக்குத் தண்ணீர் பார்த்து முழுசா ஏற்றி வைப்பது எல்லாவற்றுக்கும் முன்னால்.

இன்னொன்று. அந்த வருஷங்களை யாழ்ப்பாணத்தில் கழித்தவர்கள் சென்னையில், திருச்சியில், நம்ம மாவட்டத்து முகாம்களில்கூட இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், டைனமோவுக்கு எத்தனை டையோடு போட்டார்கள், ஜாம் போத்தலில் திரியை எப்படி நிறுத்தினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஊருக்கு ஊர் கை வேலை மாறியிருக்கும். செய்த கைகளுக்கு இப்போது அறுபது, எழுபது வயசு.